ரெண்டு மார்க்கைக் குறைச்சுடுங்க மிஸ்!

மார்க் குறைவாகப் போட்டதற்குச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகமாகப் போட்டதற்காக யாராவது சண்டைக்கு வருவார்களா?

வந்தார். எங்கள் மாடம்பாக்கம் வீட்டு ஹாலுக்கே வந்தார்!

பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பதை நெருங்குகிறது. ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. பத்தாவதில் கணக்கு மட்டும் பாக்கி. எழுதி எழுதிப் பார்த்தும் அது மசியவில்லை. 'பத்தாவது பாஸ் பண்ணிட்டு வா, நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறோம்' என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டியூட்டி முடிந்ததும் ரயிலில் தாம்பரம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் வீடு. இங்கே என் மனைவி வசந்தி, இப்படிப் பாக்கி வைத்திருக்கும் பெண்களுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

துணைத் தேர்வு நெருங்கியதால் வசந்தி ஒரு மாதிரித் தேர்வு வைத்தாள். ஸ்டெல்லாவுக்கு முப்பத்தாறு. வாழ்க்கையில் முதல்முறையாக முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்! அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேக்.

மறுநாள் அதே ஸ்டெல்லா முகம் வாடி வந்து நின்றார்.

"மிஸ், இந்தக் கணக்கு ராங்கு. ரெண்டு மார்க்கைக் குறைச்சுடுங்க."

விகிதமுறு கோவையைச் சுருக்கும் கணக்கு அது. மேலே x² – 9, கீழே x – 3. ஸ்டெல்லாவின் விடை x + 3. வசந்தி பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"விடை கரெக்ட்தானே ஸ்டெல்லா?"

"விடை கரெக்ட்டு மிஸ். வந்த வழிதான் சரியில்ல. மேல x²-ஐ கீழ x-ஆல அடிச்சேன், x வந்துச்சு. ஒம்பதை மூணால அடிச்சேன், மூணு வந்துச்சு. மைனஸுக்கு மைனஸ் பிளஸ்னு போட்டுட்டேன். இன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல நோட்டுல இருந்த அடுத்த கணக்கையும் இதே மாதிரி போட்டேன். மேல x² + 9, கீழ x + 3. அதுக்கும் x + 3-தான் வருது!"

"அப்புறம்?"

"ரெண்டுக்கும் எப்படி மிஸ் ஒரே விடை வரும்? சந்தேகம் வந்தா x-க்கு ஒரு நம்பர் போட்டுப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒண்ணு போட்டேன். மேல பத்து, கீழ நாலு... ரெண்டரை. என் விடைல நாலு வருது. இன்னா மிஸ் இது, பேஜாரா கீது!"

விடையை மட்டும் பார்த்து டிக் அடித்துவிட்டதை வசந்தி அப்போதுதான் கவனித்தாள். நான் இடையில் புகுந்தேன். வேண்டாத வேலைதான்.

"வீட்ல வச்ச டெஸ்ட்தானேம்மா... சரியா வந்ததுக்கு மார்க் இருந்துட்டுப் போகட்டுமே?"

"வேணாம் சார். இங்க என்னை நானே ஏமாத்திக்கினா, அங்க போய் மாட்டிப்பேன்."

வசந்தி சிவப்புப் பேனாவை எடுத்தாள். முப்பத்தாறு, முப்பத்து நான்கு ஆனது. ஒரு மார்க்கில் ஃபெயில். ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை — நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க மிஸ். எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது?"

வசந்தி போர்டில் எழுதினாள். "கூட்டல்லயோ கழித்தல்லயோ மாட்டிக்கிட்டு இருக்கிறதைத் தனியாப் பிச்சு அடிக்கக் கூடாது. முதல்ல காரணியாப் பிரிக்கணும். x² – 9-ஐ (x + 3)(x – 3)-ன்னு பெருக்கலா எழுதுங்க. இப்ப மேலயும் கீழயும் x – 3 முழுசா இருக்கா? அதை மொத்தமா அடிங்க."

"மிச்சம் x + 3..." ஸ்டெல்லா மெல்லச் சொன்னார். "அந்த இன்னொரு கணக்கு?"

"அது பிரியாது. சுருக்கவும் முடியாது. அப்படியே விட்டுடணும்."

"விட்டுடலாமா!" என்று சிரித்தார் பாருங்கள்... அப்படியொரு நிம்மதி!

அதற்குப் பிறகு தேர்வு வரைக்கும் அவர் எந்த விடையையும் சும்மா நம்பவில்லை. போட்டு முடித்ததும் x-க்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பார். சரியாக வந்தால்தான் அடுத்த கணக்கு.

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஸ்டெல்லா பாஸ். போனில் வசந்தியும் அவரும் மாற்றி மாற்றி அழுதார்கள். பயிற்சியில் சேர்ந்தாயிற்று. நேற்று வீட்டுக்கு வந்தவரிடம், "இனிமே கணக்குத் தொல்லை இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டேன்.

"எங்க சார்... மருந்து அளவுக்கும் கணக்குப் போடணுமாம். அங்க குருட்டாம்போக்குல சரியா வந்தா ஆவுமா?"

விடை சரியாக இருந்துவிட்டால், வந்த வழியை யார் திரும்பிப் பார்க்கிறோம்? பாராட்டு கிடைத்த பிறகும் ஒருவர் திரும்பிப் பார்த்தார், அதற்கான விலையையும் தானே கொடுத்தார். அந்த முப்பத்து நான்கை நான் சென்டத்துக்கு மேல் வைக்கிறேன்.

என்றைக்காவது எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால், தயவுசெய்து ஸ்டெல்லா இருக்கும் வார்டாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்!