நூல் இழுத்த ரயில்

என் மேசை டிராயரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் கிடக்கிறது. பற்களுக்கிடையே முட்டத்துக் கடல்மணல் இன்னும் இருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். வேலை விட்டு வந்த அலுப்பில் டிராயரை மூடிவிடுவேன்.

அக்கா நர்ஸ் வேலைக்குக் குவைத் போகுமுன் வீட்டிலிருந்த கடைசி கிறிஸ்துமஸ் அது. சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த, ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளில் நான் ஒரு நீராவி எஞ்சின் கட்டியிருந்தேன். வீடு வீடாக வரும் கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு வரும்போது அது நாங்கள் வைக்கும் இயேசு பிறப்புக் குடிலைச் சுற்றி ஓடவேண்டும் என்பது அவள் ஆசை. போகுமுன் பார்த்துவிட வேண்டுமாம். உடைந்த ரிமோட் காரின் மோட்டாரைக் கொதிகலனுக்குள் வைத்து நேரே அச்சில் மாட்டினேன். கையில் தூக்கினால் சக்கரம் பறந்தது. தண்டவாளத்தில் வைத்தால் முனகிக்கொண்டு நின்றது.

“ஏலே, இது எஞ்சினா கொசுவா? சத்தம் மட்டுந்தான் இருக்கு,” என்றாள்.

மோட்டாரில் சின்னப் பல்சக்கரம், அச்சில் பெரியது என்று மாற்றினேன். வேகம் குறைந்து இழுவை வந்தது. சக்கரங்களை இணைக்கும் பக்கத் தண்டுகள் ஏறி இறங்க, பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நிஜ வண்டிபோல நிதானமாகப் போயிற்று. அக்கா தரையில் கன்னம் வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் குடிலுக்கு வருடா வருடம் முட்டத்து மணல்தான். அவள் வாளி நிறைய அள்ளிவந்து தண்டவாளம்வரை பரப்பினாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாட்டுக்குழுவின் மேளம் தெருமுனையில் கேட்டபோது பல்சக்கரங்கள் மணலைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டன.

“அந்தப் பல்லப் பிடுங்குலே மக்கா, மிச்சத்த நான் பாத்துக்கிடுகேன்,” என்றாள் அக்கா.

மோட்டாரிலிருந்த சின்னப் பல்சக்கரத்தைப் பிடுங்கினேன்; வண்டிச் சக்கரங்கள் தடையின்றி உருண்டன. அவள் எஞ்சின் மூக்கில் கறுப்பு நூலைக் கட்டி, குடிலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தாள். மேய்ப்பர்களையும் ஆடுகளையும் தாண்டி ரயில் மெதுவாக நகர்ந்தது. “மூளைக்காரந்தாம்லே நீ,” என்று குழுவில் வந்த ஒரு மாமா என் முதுகில் தட்டினார். குடிலுக்குப் பின்னால் அக்கா சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு டிசம்பரில் அவளுக்கு லீவு கிடைக்கவேயில்லை. நான் வேறொரு சின்னச் சக்கரம் மாட்டி, பல்சக்கரங்களுக்குப் புதிதாக ஒரு கூடு செய்து மணல் புகாமல் அடைத்தேன். போன கிறிஸ்துமஸுக்கு டியூட்டி முடிந்த களைப்போடு போனில் கூப்பிட்டாள்.

“வண்டி ஓடுகாலே?”

“ஓடுது. நிக்காம சுத்துது.”

“அப்பம் நூலு இழுக்க ஆளு வேண்டாம், என்னா?”

இன்று ஊசியை எடுத்துப் பல்சக்கரத்தின் அருகே கொண்டுபோனேன். பிறகு ஊசியை மட்டும் வெளியே வைத்து டிராயரை மூடினேன்.