இருபத்து நாலு பெரிய குக்கர்

பாத்திரக் கடையில் நின்று வியாபாரம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள்கூட ஒரே நாளில் முடித்துவிடுவார்கள், ஒரு குண்டான் வாங்க வருகிறவர்கள் மூன்று தடவை வந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். உங்களில் யாராவது அந்தப் பிழைப்புப் பிழைத்திருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஏதோ ஒரு தைரியத்தில் பெரிய சைஸ் பிரஷர் குக்கர் இருபத்து நாலு வரவழைத்து அடுக்கியிருந்தார். கூட்டுக் குடும்பங்கள் நிறைந்த ஊர், கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைப்பு. வெடித்துவிடும் என்ற பயத்தில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெண் கடை வாசலில் சமைத்துக் காட்டினால் பயம் தெளியும் என்று என்னை வைத்தார். "கிறிஸ்மஸுக்குள்ள எல்லாம் போச்சுன்னா வேலை நிரந்தரம். போகலைன்னா நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாதும்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் பதினாலு பேர். என் கணவரின் அண்ணன் மனைவி மேரி அக்காவும் நானும்தான் அத்தனை பேருக்கும் சமையல். எட்டு வருஷம் விறகுப் புகையில் நின்றவளுக்கு அந்தக் கடை வாசல் சொர்க்கமாக இருந்தது. எப்படியாவது அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் கிளம்பியபோது மேரி அக்கா "சரி, போயிட்டு வா" என்றார். அதற்குமேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. குக்கரோடு வந்த சின்னப் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். நாலாம் நாள், எனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

எத்தனை பேர் என்று கேட்டேன்

முதல் வாரம் யார் வந்தாலும் "உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று ஆரம்பிப்பேன். ஆள் கணக்குத் தெரிந்தால்தானே அளவு சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் மாறி, "அப்புறம் வரேன்" என்று நழுவிவிடுவார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. நான் பேசும் விதம் பிடிக்கவில்லையோ என்று குரலைக்கூடக் குழைத்துப் பார்த்தேன்.

கடைசியில் சேலையூரிலிருந்து வந்த ஓர் அம்மாள்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். குடும்பத்தில் இத்தனை தலை என்று பத்துப் பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் மனசு வராதாம். அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன், அந்த வாரமே நாலு குக்கர் போனது. அந்த அம்மாள் சொன்னது இதுதான்: "ஒரு வேளைக்கு எவ்ளோ அரிசி போடறேன்னு கேளு, சொல்றேன். ஆளை எண்ணாதே, கண்ணு பட்ரும்."

எருமைக்கு என்ன?

ஏரிக்கரைப் பக்கம் வயல் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பம். மூன்று மருமகள்கள், தினமும் தவலை நிறையச் சோறு. இந்த வீட்டில் ஒன்றென்ன, இரண்டு குக்கர் போகும் என்று நம்பி, குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே நேரில் போனேன். சோறு வடிக்க வேண்டாம், தவலையைச் சாய்க்க வேண்டாம், பக்கத்திலேயே நிற்க வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மருமகள்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மாமியார் மட்டும் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நாலு எருமைகள்.

வடிக்காவிட்டால் கஞ்சி ஏது என்று அந்த அம்மாள் கேட்டார். சத்தெல்லாம் சோற்றிலேயே நின்றுவிடும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. ஐந்து தட்டு இட்லிக் கொப்பரை ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுத்தான் திரும்பினேன் என்றாலும், குக்கரை மட்டும் இடுப்பிலேயே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள் கேட்டது இதுதான்: "சத்தெல்லாம் நீயே துன்னுட்டா என் எருமை இன்னாத்தைக் குடிக்கும்?"

சுவருக்கு அந்தப் பக்கம்

கமலமும் பிலோமினாவும் தாம்பரத்தில் ஒரே வரிசை வீட்டில் ஒட்டினாற்போல் குடியிருந்தவர்கள். ஒரே நாளில் வந்து ஆளுக்கொரு குக்கர் வாங்கினார்கள். நாலாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வந்து, அரிசி வேகவே இல்லை, முழித்துக்கொண்டு நிற்கிறது என்று சத்தம் போட்டார்கள். வாசலில் நின்ற கூட்டம் கலைந்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையே ஆட்டம் கண்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நேரில் போய் நின்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அதுவும் கூரைவரை போகாமல், மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் அடுப்பு மூட்டுவார்கள். புத்தகத்தில் நாலு விசில் என்று போட்டிருந்தது. இந்த வீட்டில் இரண்டு, அந்த வீட்டில் இரண்டு என்று நாலு கேட்டதும் இரண்டு பேரும் ஸ்டவ்வை அணைத்துவிட்டார்கள். ஒருவர் ஏழுக்கும் மற்றவர் ஏழரைக்கும் சமையுங்கள் என்று சொல்லித் தீர்த்தேன். பிலோமினா சுவரை முறைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ இத்தினி நாளா அவ சோத்தை எண்ணிக்கினு என் அடுப்பை அணைச்சனா?"

தண்ணீர் ஊற்ற மறந்த நாள்

நவம்பர் முடிவதற்குள் பதினாறு போய்விட்டது. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை வாசலில் நல்ல கூட்டம். பேச்சு சுவாரசியத்தில் குக்கருக்குள்ளே தண்ணீர் ஊற்றாமலே மூடி ஸ்டவ்வில் ஏற்றிவிட்டேன். குக்கர் வெடிக்கவே வெடிக்காது என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது மூடியிலிருந்த சேஃப்டி வால்வ் பட்டென்று போனது. உஸ்ஸென்ற சத்தத்தில் கூட்டம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. முதலாளி கல்லாவுக்குக் கீழே இருந்தார்.

முதலில் ஸ்டவ்வை அணைத்தேன். வாயை மட்டும் அணைக்கவில்லை. குக்கரைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, கீறல்கூட இல்லை! நாம மறந்தாலும் இந்தச் சின்ன வால்வ் நம்மைக் காப்பாத்தும். அது போனா வேற போட்டுக்கலாம்" என்றேன். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து விற்றது. கடையை மூடும்போது முதலாளி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "அம்மா, அடுத்த சனிக்கிழமையும் தண்ணி ஊத்த மறந்துடுங்க."

பின்வரிசையில் ஒரு கை

கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருந்தது. மூன்று குக்கர்தான் மீதி. வேலை கிடைத்த மாதிரிதான் என்று நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "இனிமே கஞ்சி வடிச்சுக் கையைச் சுட்டுக்கிற வேலையே இல்லை" என்று சொல்லும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துணி சுற்றிய கை. மேரி அக்கா! அன்று காலை, நான் கிளம்பிய பிறகு தவலை நழுவிக் கஞ்சி கொட்டியிருந்தது. இனி தன்னால் தனியாக முடியாது, நீ வேலையை விட்டுவிடு என்று சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தார். ஆனால் கூட்டத்தில் நின்று, முன்பின் தெரியாதவர் போல என்னைக் கேட்டார்: "ரெண்டு பேர் சமைச்ச வீட்ல இப்போ ஒருத்தி சமைக்கிறா. அவளுக்கு எது சரியா வரும், சொல்லுங்கம்மா."

வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்கக் குக்கர் கொண்டுபோனவளுக்கு, எங்கள் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதி மூன்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறினேன். கை ஆறும்வரை கடைக்கு வர முடியாது, வேறு ஆள் வைத்தாலும் சரி என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன். தினமும் நானே சமைத்தேன், அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் துணியை அவிழ்த்துவிட்டு, அவரே மூடியைப் போட்டார், அவரே வெயிட்டை வைத்தார், விசில் வந்தபோது கொஞ்சமும் அசையவில்லை. மற்ற இரண்டும் நான் இல்லாமலே விற்றுப்போயிருந்தன. கிறிஸ்மஸ் முடிந்ததும் வரச்சொல்லி முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். போகட்டுமா என்று அக்காவிடம் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். காலியான குக்கரை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: "போ. சமைக்கிறது நான். சாயங்காலம் வந்து இதைக் கழுவுறது நீ."

தாம்பரம் வட்டாரத்தில் அத்தனை குடும்பத்துக்கும் குக்கரின் பெருமையை எடுத்துச் சொன்ன நான், அதன் அடியில் பிடித்த பருப்பைச் சுரண்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை மட்டும் அதன் பிறகும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.