பாவு நீட்டின தெருவில் ஒரு லோடர் டிராக்டர்

டிராக்டரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொன்னேன். பட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு எதையும் வாங்கத் தெரியும். நான் படித்தது நாலாவது வரைக்கும். அதற்கு மேல் படித்திருந்தால் இன்றைக்கு யாரிடமாவது சம்பளத்துக்கு நின்றுகொண்டிருப்பேன். சின்ன வயசில் நூலைக் குச்சியில் சுற்றிக் கூலிக்குத் தார் போட்டவன், சொந்தமாகத் தறி போட்டு, புடவைக் கடை வைத்து, செவிலிமேடு தாண்டி பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கர் நிலமும் வாங்கினேன். அதை வீட்டுக்காரி பேரில் எழுதியும் வைத்தேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு. அதனால் வந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று ஏக்கரில் வாய்க்கால் மண் அள்ள வேண்டும், எரு இறைக்க வேண்டும், மேட்டைத் தள்ளிப் பள்ளத்தில் போட வேண்டும். வாடகை வண்டிக்காரன் பெரிய நிலக்காரனிடம்தான் முதலில் போவான். என்னிடம் "நாளைக்கு வந்துடறேன் நைனா" என்பான். அவன் நாளைக்கு, நாளைக்கு என்று சொன்னதில் எருக்குவியல் மேல் பூசணிக்கொடி படர்ந்து காயே பிடித்துவிட்டது. முன்னால் மண் அள்ளுகிற பக்கெட்டோடு, அதாவது லோடர் மாட்டின பழைய டிராக்டர் ஒன்றை நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரி தறியை விட்டு எழுந்திருக்காமலே தீர்ப்பு சொன்னாள்.

"வாங்கிக்க. ஆனா சொத்தை வண்டியா வந்துச்சின்னா நெலம் என் தம்பிக்குக் குத்தகை. அவன் சவுக்கு வெச்சிக்குவான். நீ கடைய மட்டும் பாத்துக்கினு இரு."

மச்சான் ஐயம்பேட்டையில் இருக்கிறான். அந்த நிலத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். சவுக்கு வைத்தால் வருஷக் கணக்கில் அங்கே எனக்கு வேலையே இருக்காது. கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் "ஆமாம்மா, சரிம்மா" என்று தலையாட்டுகிறவன் நான். என் இஷ்டத்துக்குச் சத்தம் போட எனக்கென்று இருக்கிற இடம் அந்த மூன்று ஏக்கர்தான். அதை விடுவேனா?

பழைய வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன். தரகர் முதலில் காட்டினது சிவப்பு வண்டி. பளபளவென்று இருந்தது. பழைய பட்டுக்குப் பாலிஷ் போட்டுப் புதுசு என்று விற்கிறவர்களை நான் பார்க்காததா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

"பெரியவரே, இன்னா பண்றீங்க?" என்று பதறினார் தரகர்.

"உள்பக்கம் பாக்காம நான் ஒரு புடவை கூட வாங்கினதில்லப்பா."

முன் அச்சில் வெல்டிங் வைத்த தழும்பு, அதன் மேல் புதுப் பெயின்ட். லோடர் தூக்குகிற பாரமெல்லாம் முன் அச்சில்தானே இறங்கும்? மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இது மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டற புடவை, கட்டிக்கற புடவை இல்ல" என்றேன். தரகர் அடுத்த வண்டிப் பக்கம் நடந்தார்.

அடுத்தது நீல வண்டி. வெயிலில் வெளுத்துப்போன, பூச்சு எதுவும் இல்லாத, சின்ன வண்டி. என் நிலத்து வண்டிப்பாதைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பக்கெட்டைத் தாங்குகிற கைகளைப் பூட்டின இரும்பு ஆணிகளை ஆட்டிப் பார்த்தேன், லொடலொடப்பு இல்லை. அடியிலும் ஒட்டுப்போட்ட இடம் இல்லை. ஆனால் பானட்டில் கை வைத்தால் சூடு. நான் வருவதற்கு முன்பே தரகர் ஓட்டி வைத்திருக்கிறார். ஆறின வண்டி எப்படிக் கிளம்பும், தூக்கின பாரத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க விடவில்லை. "ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, போதும்" என்றார்.

"வீட்ல பொம்பளைங்க பாக்கணுங்கறாங்க. நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு எடுத்தாந்துடுங்க" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் மறுநாள் காலை எதிர் வீட்டுக்காரர்கள் பாவு நீட்டப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

புடவை நீளத்துக்கு ஓடுகிற பட்டு இழைகளை மொத்தமாகத் தெரு நெடுக மூங்கில் கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அதைச் சுருட்டுகிற வரைக்கும் யார் வந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். தரகர் சொன்ன நேரத்துக்கு வந்தார். என் வீட்டு வாசலில் மணல் மூட்டைகள் தயாராக இருந்தன. "தூக்கிக் காட்டுங்க, வீட்டுக்காரி பாக்கட்டும்" என்றேன். பக்கெட் மூட்டைகளோடு மேலே போனதுதான் தாமதம், எதிர் வீட்டம்மா கஞ்சிக் கையோடு ஓடி வந்தாள்.

"யோவ்! வண்டிய நிறுத்துய்யா! பொகை பட்டா பட்டு கறுத்துப் பூடும்! நீயா வந்து கட்டிக்குவ?"

தரகர் இன்ஜினை அணைத்தார். முன்னால் பாவு, பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. தலைக்கு மேலே மூட்டைகளோடு பக்கெட். இனி வண்டி ஆறியே தீரும், பாரத்தையும் தாங்கிக் காட்டியே ஆக வேண்டும். என் திட்டம் கச்சிதமாக முடிந்தது. எல்லாருக்கும் காபி சொன்னேன்.

நான் கணக்கில் சேர்க்காதது வீட்டுக்காரியைத்தான். கொஞ்சம் நூல் எடுத்து வந்து, ஒரு முனையைப் பக்கெட்டின் விளிம்பில் கட்டினாள். மறுமுனையில் ஒரு தார்க்குச்சியைக் கட்டி, நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டாள். பக்கெட் இறங்கினால் குச்சி சாயும். தெருவே வேலையை விட்டுவிட்டு அந்தக் குச்சியைப் பார்த்தது. மச்சானும் வந்து சேர்ந்தான். அவனுக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

முதலில் குச்சி நேராக நின்றது. மீசையைத் தடவிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அதன் நுனி தரையைத் தொட்டது. அப்புறம் மெல்லச் சாய ஆரம்பித்தது. நான் காற்று வாங்குகிற மாதிரிப் பக்கத்தில் போய் நின்று, கால் கட்டைவிரலால் குச்சிக்கு அடியில் இருந்த மண்ணைப் பறித்தேன்.

"மாமா, கால எடு," என்றான் மச்சான்.

குச்சி படுத்துவிட்டது. நூல் தொய்ந்துவிட்டது.

"நெலத்த எப்போ அளக்கலாம் அக்கா?" என்று கேட்டான், காபியை உறிஞ்சிக்கொண்டே.

"டேய், நான் இன்னும் வாங்கவே இல்லடா. பாக்கத்தான் வரவெச்சிருக்கறேன்."

"நேத்து டீக்கடையில வாங்கியாச்சின்னு சொன்னியாமே?"

"அது டீக்கடை!"

வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. நேராகத் தரகரிடம் போனாள். "பட்டுல ஒரு எழை அறுந்தா முடிச்சி போட்டுக்கலாம். சாயம் போடறப்போ வெந்துபோன நூலுன்னா தொட்ட எடமெல்லாம் அறும். இது எது?"

"சத்தியமா அறுந்த எழைதான்மா. பக்கெட்ட தூக்கற சிலிண்டர்ல ரப்பர் சீல் தேஞ்சிருக்குது. மாத்தினா சரியாப் பூடும்."

"இன்ஜின்?"

அவர் துண்டை எடுத்து பானட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பாவைச் சுருட்டுகிற வரைக்கும் காத்திருந்தோம். மச்சான் இரண்டாவது காபி கேட்டான், நான் காதில் வாங்கவில்லை. கடைசிக் கழியையும் பிடுங்கின பிறகு வீட்டுக்காரி பானட்டில் கை வைத்துப் பார்த்தாள். நன்றாக ஆறியிருந்தது. "இப்போ போடுங்க," என்றாள். சாவியைத் திருப்பின உடனே, இருமாமல் கிளம்பினது வண்டி.

"அந்த ரப்பர் சீல மாத்திட்டு வண்டிய எடுத்துக்கினு வாங்க. இதே மூட்டைய தூக்கிக்கினு இதே எடத்துல நிக்கணும்," என்றாள் தரகரிடம். அவர் ஷேர் ஆட்டோக்காரனிடம் வாங்கின திட்டு போதாதென்று, மறுபடியும் இந்தத் தெருவா என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வண்டி மறுபடியும் வந்தது. காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் எங்கள் வாசலில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. தார்க்குச்சி அசையவில்லை. வீட்டுக்காரி நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டே தம்பியிடம், "சவுக்க வேற எங்கனா வெச்சிக்கடா. இவரு அங்க போயி கத்திக்கினு கெடந்தாதான் எனக்கு வீட்ல நிம்மதி" என்றாள்.

வண்டி இப்போது நிலத்தில் நிற்கிறது. எருக்குவியலைப் பூசணியோடு சேர்த்து அள்ளியாகிவிட்டது. வரப்பில் போகிறவர்கள், "நல்ல வண்டி, யாரு பாத்து எடுத்தது?" என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன். சொல்வதற்கு முன் அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.