புத்தகத்தில் இடமில்லை

கதை விளையாட்டு நடத்துவது சம்பளம் இல்லாத உத்தியோகம். திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும். நாலு பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு வேஷம் கொடுத்துப் பார்த்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குக் கிளம்பும்போது ஓர் அட்டைப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். உள்ளே தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகம், பல முகங்களுள்ள விசித்திரமான பகடைகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார்: "கோட்டைக்கு முன்னால் நிற்கிறீர்கள், கதவு மூடியிருக்கிறது, என்ன செய்வீர்கள்?" மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ இருந்து பதில் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். யாருக்கு என்ன வேஷம் என்பதைக் கதை நடத்துகிறவர்தான் தீர்மானிப்பார்.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் சொன்னதை நாலு காப்பி அடிக்கிறவன் நான். மானேஜர் தப்பாகப் போட்ட கமாவை எடுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிநேகிதர் அன்வர் பாய் வீட்டு மாடியில் மட்டும் நான் வைத்ததுதான் சட்டம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிடிக்கிறவர்

முனிரத்தினம் சார் ஜோலார்பேட்டையில் டி.டி.ஆர். டிக்கெட் இல்லாதவனை வாசனையிலேயே கண்டுபிடிப்பார். என் கொள்கை என்னவென்றால், தெரிந்த வேலையைக் கொடுத்தால் ஆள் தடுமாற மாட்டான். எங்கள் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். தோலை ஊறவைக்கிறவன் ஊறவைப்பான், சீவுகிறவன் சீவுவான், செக்‌ஷன் மாற முடியாது. அதனால் அவருக்குக் காவல்காரன் வேஷம் கொடுத்தேன்.

அவர் திருடன் வேஷம் கேட்டார். "புத்தகத்தில் இடமில்லை சார்" என்றேன். புத்தகத்தில் திருடனுக்குத் தனி அத்தியாயமே இருந்தது, படத்தோடு. படத்தின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டுதான் சொன்னேன். மனுஷன் பெருமூச்சு விட்டார்.

"இருபது வருஷமா பிடிக்கிறவனாவே இருந்துட்டேன் தம்பி. ஒரு நாளாவது ஓடிப் பாக்குறேனே!"

ஆறு நாள் ஊசி

கிரேஸ் எங்கள் தெருப் பெண், எங்கள் சர்ச். தினமும் பஸ் பிடித்து வேலூருக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தாள். அவளுக்கு என்ன வேஷம் என்று நான் யோசிக்கவே இல்லை. வைத்தியச்சி. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட வேண்டும், அவ்வளவுதான். அவள் வாள் கேட்டாள். புத்தகத்தைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டு, வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"வாரத்துல ஆறு நாள் ஊசி போடுறேண்ணா. ஞாயித்துக்கெழமையாவது நாலு பேரை அடிக்க வுடுங்க."

உயிருள்ள ஆடு

அன்வர் பாய் எங்கள் கம்பெனியில் செலக்‌ஷன் பார்க்கிறவர். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தோலையும் புரட்டி ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரித்துப் போடுவார். அவர் ரிஜெக்ட் செய்ததை முதலாளிகூடத் திரும்ப எடுக்க மாட்டார். அவருக்குச் சரக்குத் தரம் பார்க்கும் வியாபாரி வேஷம் கொடுத்தேன்.

அவர் கேட்டது பேசுகிற ஆடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் கையால எவ்ளோ ஆடு பாத்துருப்பேன் தோஸ்த், ஒண்ணுகூட உசுரோட இல்ல. தோலுக்குள்ள இன்னா இருந்துச்சுன்னு ஒரு தடவ பாக்கலாம்னுதான்."

பாஸ்டர் ஐயா சொன்னது

மந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மந்திர அத்தியாயம் புத்தகத்தில் பாதி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், "சரக்கு அனுப்பிவிட்டோம், பதில் போடவும்" என்கிற அளவுதான். அந்த இங்கிலீஷ் அந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை வெளியில் சொல்ல முடியுமா? "இங்கே சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருக்கிறோம், தொழுகைக்குப் போகிறவர் இருக்கிறார், மந்திரம் வேண்டாம்" என்று பக்தியோடு மூடிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் கிரேஸ் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்:

"பாஸ்டர் ஐயாகிட்ட கேட்டேண்ணா. 'கதைதானேம்மா, தாராளமா ஆடுங்க, ஒரு எடம் காலியானா எனக்கும் சொல்லு'ன்னாரு."

டிராகனுக்கு கிரேடு

இப்படியே மூன்று ஞாயிறு ஓடியது. காவல்காரர் எல்லோரையும் சோதனை போட்டார். வைத்தியச்சி கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டுப்போட்டாள். சூடு பிடிக்கட்டும் என்று, வாயில் நெருப்புக் கக்கும் ஒரு டிராகனைக் கொண்டுவந்து இறக்கினேன். குரலையெல்லாம் மாற்றி உறுமினேன். எல்லோரும் அலறுவார்கள் என்று பார்த்தால், அன்வர் பாய் ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"செகண்டுதான் தோஸ்த். கழுத்தாண்ட முள்ளுக் கீறல் ஜாஸ்தி."

பஸ்ஸில் படித்தவள்

நாலாவது வாரம் முனிரத்தினம் சார் டியூட்டி என்று வரவில்லை. அவருக்கு ஞாயிறு டியூட்டி கிடையாது என்பது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ஆள் போனால் ஆட்டம் போச்சு, ஆட்டம் போனால் என் ஞாயிறும் போச்சு. அந்த நேரம் பார்த்து கிரேஸ் புத்தகத்தை இரவல் கேட்டாள். இந்தத் தடி இங்கிலீஷை யார் படிக்கப்போகிறார்கள் என்ற தெம்பில் கொடுத்தேன். நர்ஸ் படிப்பு முழுக்க இங்கிலீஷில் படித்தவள் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

வேலூருக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டாள். முனிரத்தினம் சாரையும் வரச்சொல்லி, அடுத்த ஞாயிறு எங்கள் மூன்று பேர் முன்னாலும் புத்தகத்தைத் திறந்து வைத்தாள். திருடன் படத்தோடு இருந்தான். வாள் பிடித்த பெண்கள் இருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், இதில் இல்லாத வேஷத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாடிப்படி எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"ஆட்டுக்குக்கூட எடம் இருக்குதுண்ணா. உங்க மனசுலதான் இல்ல."

கோட்டை வாசல்

அன்றைக்குக் கதையை கிரேஸ் நடத்துவது என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். நானும் ஆட வேண்டுமாம். சரி, இதிலாவது ஒரு கை பார்ப்போம் என்று வீரன் வேஷம் கேட்டேன். பெரிய வாள், வெள்ளைக் குதிரை. கிரேஸ் புத்தகத்தை நான் புரட்டுவதுபோலவே புரட்டினாள். "புத்தகத்துல எடமில்லண்ணா" என்றாள். கோட்டை வாசலில் ஒரு கிளார்க் வேண்டுமாம். வருகிறவர் பெயரை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். தெரிந்த வேலையாச்சே.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆறு நாள் போதாதென்று ஏழாவது நாளும் ஆபீஸ் பின்னாலேயே வந்துவிட்டது. இந்த மூன்று பேரையும் இத்தனை வாரம் எங்கே உட்காரவைத்திருந்தேன் என்பது, அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

திருடன் முனிரத்தினம் என் முன்னால் மூன்று தடவை உள்ளே ஓடினார், மூன்று தடவை வெளியே ஓடினார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கடைசியில் ஆடு வந்தது. "பெயர்?" என்றேன். ஆடு ரெஜிஸ்டரை முகர்ந்து பார்த்தது. "ரெஜிஸ்டரில் எழுதாமல் உள்ளே விட முடியாது" என்று முறைத்தேன். அன்வர் பாய் பகடையை உள்ளங்கையில் ஊதி உருட்டினார். இருபது விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது.

"ரெஜிஸ்டரை ஆடு துன்னுடுச்சு தோஸ்த். இனிமே நீ கிளார்க் இல்ல. எழுந்து வா, உள்ள போலாம்."

அடுத்த ஞாயிறு பெட்டி என் கைக்குத் திரும்பி வந்தது. கிரேஸ் முதல் அரை மணியில் ஏழு பேரை அடித்துப்போட்டாள், கட்டுப்போடுவதற்குப் பாஸ்டர் ஐயா வந்திருந்தார்.

அதன்பிறகு யார் எந்த வேஷம் கேட்டாலும் நான் தடுத்ததில்லை, டைப்பிஸ்ட் வேஷம் ஒன்றைத் தவிர.