முனி வளைவின் சுருட்டு வாடை

எழுபதுகளின் கடைசியில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவேன். சாயங்காலம் அவர்களோடு இறங்குவேன். குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு நாளும் வண்டியைத் தொட்டதில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மெட்டில் சாலையோரம் ஒரு சின்னக் கோயில். இறங்குகிற ஜீப்புகளெல்லாம் அங்கே நிற்கும். டிரைவர் சூடம் கொளுத்துவார். பிறகு என்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கியரை நியூட்ரலில் தள்ளுவார். "இனி சாமி பாத்துக்கிரும்" என்று பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். வண்டி தானாக உருண்டு, வளைவு வளைவாகத் திரும்பி, அடிவாரத்தில் முந்தல் வரை வந்துவிடும். பெட்ரோல் மிச்சம். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாமி இறக்கம் என்போம். நடுவழியில் என்ஜினைப் போட்டவனுக்குப் பக்தி போதாது என்று பெயர். நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

பாதி மலையில் முனி வளைவு. அந்த இடத்துக்கு வரும்போது வண்டிக்குள் ஒரு கருகல் வாடை அடிக்கும். முனி சுருட்டுப் பிடிக்கிறார் என்று அர்த்தம். ஆளுக்கொரு சுருட்டு வாங்கி வைத்திருப்போம். அதை வெளியே எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அவருக்குக் கோபம் வரும்.

என் மனைவியின் தம்பியும் ஒரு ஜீப்பு வாங்கினான். அவன் மட்டும் என்ஜினை அணைக்காமல், இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்குவான். ஒரு நாள் முந்தல் டீக்கடையில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, மலை பூராம் கேக்குற மாதிரி உறும விட்டு வர்ற? சாமி மேல நம்பிக்கை இல்லையா?"

"பயமா இருக்கு மச்சான்."

"பயப்படுறவன் பஸ்சுல வரணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் சட்டைப் பையிலும் சாவி இருந்தது.

ஓர் ஐப்பசி மாதத்துப் பகலில், ஏலக்காய் மூட்டைகளை லோடு நிறைய ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கினான். முனி வளைவுக்கு அடுத்த வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்விட்டது. அவனை மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை.

முனி காவு கேட்டுவிட்டார் என்றார்கள் சொந்தக்காரர்கள். அன்றைக்கு அவன் சுருட்டுப் போடவில்லையாம். போடவில்லை என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. வளைவில் கிடாய் வெட்டிப் பூசை போட முடிவாயிற்று. கிடாய்க்கு நான் பொறுப்பு.

போலீசில் ஒரு துணி மூட்டை கொடுத்தார்கள். வாட்சு, மணிபர்சு, ஒரு சாவி. என் மனைவி அதைப் பிரித்து, சாவியைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, இது எந்தச் சாவி?"

"அவன் ஜீப்புச் சாவி."

"சட்டைப் பையில இருந்துச்சாம். சாவி பையில கெடந்தா வண்டி எப்புடி ஓடுச்சு?"

"எறக்கத்துல சாவி வேணாம்."

"வேணாம்னு யாரு சொன்னா?"

கிடாய் பார்க்கப் போகிற சோலி இருக்கிறது என்று எழுந்தேன். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"எந்தம்பி எதனால செத்தான்னு எனக்குத் தெரியணும். முனி கினின்னு சொல்லாதீங்க. அது தெரியுற வரைக்கும் நீங்க வண்டிய எடுக்கக் கூடாது. இன்னொரு சாவிய நான் இப்புடி வாங்க மாட்டேன்."

கிடாய் பார்க்கப் போகவில்லை. நொறுங்கிய ஜீப்பை இழுத்துப் போட்டிருந்த ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் தெரிந்தவர்தான். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்மை உருவி, என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்கண்ணே."

மோந்து பார்த்தேன். இரண்டு நாளாகியும் வாடை போகவில்லை.

"முனி வளைவு வாடையில்ல இது?"

"முனி எங்கண்ணே என் ஷெட்டுக்கு வந்தாரு? பிரேக் லைனிங்கு கருகிருக்கு. கியருல வந்தா என்ஜின் வண்டிய இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்ல வந்தா மொத்த லோடும் பிரேக்கு தலையில. மிதிக்க மிதிக்கச் சூடாகும். சூடு ஏறிருச்சுன்னா மிதிக்கலாம், வண்டி நிக்காது."

"எல்லாருக்கும் அந்த எடத்துலதான அடிக்குது?"

"மெட்டுல இருந்து மிதிச்சுக்கிட்டே வந்தா அந்த எடத்துலதான் கருகும். ஏறும்போது என்னைக்காச்சும் அடிச்சிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஏறும்போது ஒரு நாளும் அடித்ததில்லை. முனி இறங்குகிற வண்டிகளுக்கு மட்டும் சுருட்டுப் பிடித்திருக்கிறார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"வாடை வந்தா ஓரங்கட்டி ஆற விடணும்ணே. நீங்க சுருட்ட எறிஞ்சிட்டு வெரசாப் போறீங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?"

"இன்னும் ஆகலண்ணே."

வீட்டுக்கு வந்தேன். மனைவி சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நியூட்ரல், லைனிங், வாடை எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுவரிலிருந்த முருகன் படம் நேர் எதிரே இருந்தது. டீக்கடைப் பேச்சையும் சொன்னேன்.

"எத்தன பேரு சிரிச்சாங்க?"

"ஏழெட்டுப் பேரு."

"நீங்க?"

"நானுந்தான்."

அவள் மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள்.

கிடாய் வெட்டு நடந்தது. நானும் போய் நின்றேன். இத்தனை வருடம் என் பிரேக்கு வாடையை அவர் மேல் போட்டதற்கு முனியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மச்சினனிடம் கேட்க வழியில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அவள் வாய் திறந்தாள். "என்னைய மெட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மெட்டில் கோயிலுக்கு இருவரும் சூடம் கொளுத்தினோம். நான் என்ஜினை அணைக்காமல் இரண்டாவது கியரைப் போட்டேன். பின்னால் நின்ற ஜீப்புக்காரர் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, சாமி ரிட்டையர் ஆயிட்டாரா?"

என் மனைவி திரும்பினாள். "எந்தம்பிக்கும் இப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நீங்களும் சாவிய உருவிக்கிட்டு வாங்கண்ணே. முந்தல்ல அத யாரு வாங்கிக்கிறதுன்னு வீட்டுல சொல்லிட்டு வாங்க."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜீப்பு வழியெல்லாம் உறுமிக்கொண்டே இறங்கியது. பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டேன். முனி வளைவில் "நிறுத்துங்க" என்றாள். பாறையை ஒட்டி ஓரங்கட்டினேன். அந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தாள். பின் சக்கரத்துக்கும் போனாள்.

"வாடை இல்ல."

"இல்ல."

"மொதல்ல அவனும் இப்புடித்தான வந்தான்?"

"ஆமா."

அடுத்த வளைவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

"போங்க. மெதுவாப் போங்க."

முந்தல் வந்து சேரும்வரை, ஸ்விட்சில் ஆடிக்கொண்டிருந்த சாவியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.