சக்கரத்தில் நின்ற ரேகை

பாலக்கோட்டில் கார் சக்கரங்களுக்குக் கண்ணாடி மாதிரி செராமிக் பூச்சு போடுகிறவர் அவர். மகன் புது வண்டியை அவரிடம் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போக, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பூக்கோலம் மாதிரி சந்து சந்தான சக்கரம். ஒல்லியான மனுசர். விரலில் துணி சுற்றி ஒவ்வொரு சந்திலும் மருந்தைத் தடவிவிட்டு, மூச்சை அடக்கிக் காத்திருப்பார். மெல்ல வானவில் நிறம் ஓடும். அப்புறந்தான் துடைப்பார். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொக்கியது.

கடைசிச் சக்கரம் முடித்து அவர் கை கழுவப் போனார். புது வண்டியாயிற்றே என்று மடியிலிருந்த கோயில் குங்குமத்தைக் கட்டைவிரலில் தொட்டு அந்தச் சக்கரத்தில் அழுத்திப் பொட்டு வைத்தேன்.

"ஆயா! இன்னைக்குப் பூரா கையே படக்கூடாதுங்க!" ஓடிவந்து துடைத்தார். குங்குமம் போனது, ரேகை போகவில்லை. "மொத்தமா தேய்ச்சு மறுபடி போடணுங்க. இல்லாட்டி உங்க கைநாட்டு அப்படியே நிக்கும்."

"கைநாட்டா? நான் கையெழுத்துப் போடறவ தம்பி. தேய்ச்சுடு."

தேய்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "மத்த எடத்துல நெறம் போயிடுச்சுங்க ஆயா. இந்த ரேகையில மட்டும் வானவில்லு நிக்குது, பாருங்க."

பார்த்தேன். நின்றது.

"சரி, இருக்கட்டும் விடு," என்றேன்.

மறுபடி போடுகிற வேலை மிச்சமாகட்டும் என்று அப்படிச் சொன்னாரோ, நிஜமாகவே சொக்கிப்போனாரோ, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வண்டி கிளம்பினால் என் விரலும் சுற்றிக்கொண்டு போகிறது.