பிரகாசி மதினியின் ஜீப்பில் இடப்பக்க இருக்கை

செய்தி வந்தபோது நான் பாம்பனுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம். மாற்றுச் சேலையும், மதினி கேட்டிருந்த காரச்சேவுப் பொட்டலமும் பையில் இருந்தன. வீட்டைப் பூட்டப் போகையில் மகள் வாணியிடமிருந்து போன். "அம்மா, அத்தை போயிட்டாகம்மா" என்றாள். நான் வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா என்று எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. "யாரக் கூட்டிட்டுப் போனாக?" என்று அதட்டினேன். வாணி வெடித்து அழுதபோதுதான் புரிந்தது. சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஜீப் வாசலில்தான் நின்றது.

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்த பிரகாசியை உங்களில் பலருக்குத் தெரியும். மாரியூர்க் கரையில் மணலுக்குள் ஜீப்பை இறக்கி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும் அந்தக் கனத்த உருவத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் என் மகளின் மாமியார். நான் அபிராமத்தில் இருக்கும், ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். சம்பந்திகளான நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அந்த ஜீப்பில் அவருக்கு இடப்பக்கம் எப்போதும் உட்கார்ந்து வந்தவள் யார் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. என் மகள் மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டதில் எனக்கு மனத்தாங்கல். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று வீம்பாக இருந்தேன். வாணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து பார்க்கப் போனேன். பார்த்தேன், உடனே கிளம்பினேன். "ராம்நாட்டு பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறேன், ஏறுங்க" என்றார் மதினி. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பையை வாங்கி ஜீப்புக்குள் வைத்துவிட்டார்.

பாலம் இறங்கி மண்டபம் நெருங்குகையில், கியர் மாற்றும்போதெல்லாம் என் காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. வாய் திறக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்த நான், காது பொறுக்காமல் சொல்லிவிட்டேன்: "உங்க வண்டி தட்டுது." மதினி சட்டென்று ஓரங்கட்டினார்.

"எப்படித் தட்டுது? வாயால பண்ணிக் காட்டுங்க."

பிள்ளைகள் அரைச் சுருதி விலகினாலே பிரம்பைத் தேடுகிற நான், ரோட்டோரத்தில் நின்று "ணங்... ணங்" என்றேன். மீன் லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். மதினி சிரிக்கவில்லை. "எனக்குக் கேக்கல மதினி. வலது காது சின்னதுலயே போச்சு. இடதும் இப்ப மங்கிட்டு வருது. ஜெரோமுட்டச் சொல்லிறாதீக" என்றார். ஜெரோம் அவருடைய ஒரே மகன், என் மருமகன்.

வண்டியைத் திருப்பிவிட்டார். "பஸ்ஸு நாளைக்கும் வரும்" என்றார். வாசலில் சக்கரங்களுக்குக் கல்லை அண்டை கொடுத்து, சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தார். கியர்ப்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டை இரு கைகளாலும் பிடித்து முறுக்கினார். அதன் முனையில் சிலுவை வடிவில் ஒரு மூட்டு உண்டு, கிராஸ் என்பார்கள். அது கடகடவென்று ஆடியது. உப்புக்காற்றில் துரு ஏறித் தேய்ந்திருந்தது. மறுநாள் புதுக் கிராஸ் வாங்கி வந்து, பழையதைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளி, புதியதற்குக் கிரீஸ் அடித்து மாட்டினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடையில் யாரோ நீட்டிய டீயைக் குடித்திருக்கிறேன், சொம்புத் தண்ணீரும் குடித்திருக்கிறேன். என் வீம்பு எந்த மடக்கில் போனதென்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். "எங்கன கேக்குதுன்னு சொல்லாதீக மதினி, எப்பக் கேக்குதுன்னு சொல்லுங்க" என்பார். இரும்பு வண்டியில் சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் கேட்குமாம். ஒருமுறை வண்டி 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்கியது. வேகம் கூடக் கூடச் சுருதி ஏறியது. நியூட்ரலில் உருட்டினாலும் நிற்கவில்லை. வலப்பக்கம் ஒடிக்கையில் கனத்தது, இடப்பக்கம் ஒடிக்கையில் அடங்கியது. இத்தனையையும் நான் பாடியே காட்டினேன். "அப்ப இடது சக்கரத்து பேரிங்கு" என்றார். ஜாக்கியில் தூக்கி நான் சக்கரத்தைச் சுற்ற, அவர் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை அச்சில் வைத்து, மறுமுனையைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். "கொறகொறங்குது! கொறகொறங்குது!" என்று கத்தினார். ஒரு சத்தம் தன்னிடம் வந்து சேர்ந்ததற்கு ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்களைக் கலங்கடித்தது மாரியூர்ச் சத்தம். பேரன் பிறந்து நடை பழகிய சமயம் அது. மாரியூரில் மணலில் இறங்கினால் ஃபோர் வீல் லீவரைப் போட்டு நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்க வேண்டும். தார் ரோட்டுக்கு ஏறியதும் எடுத்துவிட வேண்டும். அந்த மாதம் கரையிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் வண்டி உறுமியது. முன்சக்கரங்கள் விறைத்துத் துள்ளின. ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, கியர்ப்பெட்டியை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். ஜெரோம் அதோடு முடிவு செய்துவிட்டான். "வித்துருவோம்மா. நீ பேசாம வீட்டுல இரு." மதினிக்கு முகம் செத்துப்போயிற்று. கணவர் இறந்த பிறகு அந்த ஜீப்பை வைத்துத்தான் மகனை ஆளாக்கினார். அது இல்லாவிட்டால் மாரியூரும் இல்லை, வியாபாரமும் இல்லை. அடுப்படியும் ஜன்னலும்தான். "ஏலே, ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு நாங்க ஒருதரம் பாக்குறோம். அதுக்கப்புறம் வித்துக்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எப்பக் கேக்குது?"

"மணல்ல இல்ல. தார் ரோட்டுல. அதுவும் திரும்பும்போது மட்டும்."

லீவர் எடுத்த நிலையில்தான் நின்றது. முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். ஃபோர் வீல் இழுவை விலகியிருந்தால் கையால் தள்ளினாலே அது சுற்ற வேண்டும். அசையவில்லை. மதினி அடியில் போய்ப் பார்த்தார். லீவருக்குக் கீழே இருந்த கம்பியின் மூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. மேலே லீவர் நகர்ந்தாலும் உள்ளே பல் விலகவில்லை. மணல் என்றால் சக்கரம் வழுக்கிக்கொடுக்கும். தார் ரோட்டு வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியிருக்கின்றன.

டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தார். உள்ளே பல் விலகி 'ளக்' என்று விழுந்தது. "விழுந்துருச்சு மதினி!" என்று குதித்தேன். அவர் லீவரைப் பிடித்தபடியே இருந்தார்.

"சத்தம் வந்துச்சா?"

"நல்லா வந்துச்சே."

"அந்தச் சத்தத்த வச்சுத்தான் நான் எடுப்பேன். விழலன்னா மறுபடி இழுப்பேன். இத்தன நாளும் விழாமலே ஓட்டிருக்கேன், எனக்குத் தெரியல. வண்டில ஒண்ணுமில்ல மதினி. எங்காதுதான்."

அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். ஜெரோம் உள்ளேயிருந்து வந்து, "என்ன கோளாறு?" என்றான். துரு என்று சொன்னால் போதும். அதில் பொய்யும் இல்லை. அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டார். "எனக்குக் காது கேக்கலலே. ரொம்ப நாளா."

ஜெரோம் கையை நீட்டினான். மதினி சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் அதை மறுபேச்சில்லாமல் கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எனக்குக் கேக்குதுல்ல?" என்றேன். "வெள்ளிக்கெழம சாயந்தரம் நான் வாரேன். சனிக்கெழம மாரியூர் போயிட்டு வருவோம். நான் பக்கத்துல இல்லாம வண்டி நகராது."

"வாரா வாரம் அபிராமத்துல இருந்தா அத்த?"

"பென்சன்காரிக்கு வேறென்ன வேல?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சாவியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அப்படித்தான் நான் அந்த இருக்கைக்கு வந்தேன். பின்னால் ஹார்ன் கேட்டால் அவர் தோளில் ஒரு தட்டு. முந்தப் பார்க்கிற பஸ் என்றால் இரண்டு. ஆம்புலன்ஸ் என்றால் உள்ளங்கையை அழுத்தி வைப்பேன், ஓரங்கட்டிவிடுவார். லீவர் விழுந்ததும் முதுகில் ஒரு தடவல். பாம்பன் பாலத்தில் மட்டும், "இங்கன வண்டிச் சத்தம் எதையும் நம்பாதீக, காத்து புளுகும்" என்பார். அங்கே நான் பாடிக்கொண்டு வருவேன். அவருக்குக் கேட்காது. ஓரக்கண்ணால் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்பார். "என்னத்தக் கண்டீக?" என்று சண்டை பிடிப்பேன். என் கணவர் போன பிறகு என் பாட்டை நல்லாயிருக்கிறது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாகப் போய்வந்த சனிக்கிழமை ஜீப்பின் பின்பக்கம் ஒரு புதுச் சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கீச்சென்று பாடியது, காலை எடுத்தால் அடங்கியது. பாடிக் காட்டினேன். "பின்னாடி அச்சுல இருக்குற பல்லு. ஆயிலு கெட்டுருக்கும். அடுத்த வாரம் தொறந்து பாப்போம், வந்துருங்க" என்று சொல்லி, கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். அதற்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மாதா கோயிலில் பெட்டியை மூடுவதற்கு முன் துக்கமணி அடித்தது. நான் பெட்டியின் ஓரமாக நின்றிருந்தேன். என் கை தானாகப் போய் அவர் தோளில் தட்டியது. ஜெரோம் அதைப் பார்த்துவிட்டான். அதுவரை கல்லாக நின்ற பிள்ளை, "அத்த" என்று என்மேல் சாய்ந்து கதறிவிட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு வாணியும் நானும் பின் அச்சின் ஆயிலைத் திறந்தோம். உப்புத் தண்ணீர் கலந்து பால் நிறத்தில் வடிந்தது. மாற்றினோம். சத்தம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. மதினி இருந்திருந்தால் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். எனக்குப் பாடிக்காட்ட மட்டும்தான் தெரியும். மனசுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம், பையை எடுக்கிற நேரத்தில்தான் பொறுக்க முடியவில்லை என்று சொல்கிறேன்.

மாரியூருக்கு இப்போது வாணி ஓட்டுகிறாள். அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போகிறேன். மதினியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இருக்கையும் இந்தக் கைப்பழக்கமும்தான். போன சனிக்கிழமை கீழக்கரை தாண்டியதும் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. வாணியின் தோளில் தட்டினேன்.

"எனக்குக் காது கேக்கும்மா" என்றாள்.

"தெரியும்டி" என்றேன். கையை எடுக்கவில்லை.